மட்டக்களப்பு, அம்பாறை வளவுகளில் ஒரு வருட வீட்டுத்தோட்டம்: ஆவணியில் தொடங்கி ஆடி வரை

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியை அப்படியே எடுத்துக்கொண்டு, ஆடி மாதத்தில் கல்லடியிலோ காரைதீவிலோ கத்தரி விதை தூவினால் முளைத்த கன்று கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றில் கருகிப்போகும். பழமொழி பிழையில்லை. தென்மேற்குப் பருவமழையும் காவிரித் தண்ணீரும் கிடைக்கும் நிலத்துக்குச் சொன்னது அது. நம் பக்கத்தில் ஆடி கடும் வறட்சிக் காலம். தென்மேற்குக் காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு, ஈரம் வற்றிய சூடான காற்றாகத்தான் இங்கே வந்து சேர்கிறது. நமக்கு மழை வடகீழ்ப் பருவத்தில். வருடம் முழுக்கப் பெய்யும் மழையில் பெரும்பங்கு ஐப்பசிக் கடைசியில் தொடங்கித் தை மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும்.

அதனால் நம் தோட்ட வருடம் ஆவணியில் தொடங்குகிறது. தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளில் இருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது; பந்தல் கட்டுவது, கவாத்து செய்வது, கரைசல் தயாரிப்பது எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். மாதக் கணக்கை மட்டும் எடுக்காதீர்கள்.

இங்கே வீட்டுத்தோட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் தண்ணீரால்தான். மூன்று மாதம் வேர் அழுகும் அளவுக்கு அதிகம், ஐந்து மாதம் போதாது. மாரியில் மண்ணை உயர்த்த வேண்டும், கோடையில் தாழ்த்த வேண்டும். ஒரே பாத்தியை வருடம் முழுக்க ஒரே உயரத்தில் வைத்திருப்பவர்களுக்கு ஏதாவது ஒரு பருவம் கைவிட்டுப் போகிறது.

எந்தக் கரை, எந்தத் தண்ணீர்

முதலில் மண்ணைப் பாருங்கள். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணல். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று போய், கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில் வரை கரையோர வளவுகள் பெரும்பாலும் இந்த வகைதான். ஊற்றிய தண்ணீர் உடனே இறங்கிவிடும், போட்ட பசளையும் அதோடு போய்விடும். வாவிக்கு அப்பால் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலை, வவுணதீவு, வெல்லாவெளிப் பக்கம் மண் கனமானது. சம்மாந்துறை போன்ற வயல் சார்ந்த ஊர்களிலும் அப்படித்தான். அங்கே சத்து இருக்கும், ஆனால் மாரியில் தண்ணீர் இறங்காது, கோடையில் வெடிக்கும். சந்தேகம் இருந்தால் ஈர மண்ணை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பாருங்கள். உருண்டை நில்லாமல் உதிர்ந்தால் மணல், பென்சில் போல நீட்டினாலும் உடையாமல் நின்றால் களி.

அடுத்தது கிணறு. கரையோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் ஒரு படலமாகத்தான் மிதக்கிறது. கோடையில் மோட்டரைப் போட்டு ஒரே மூச்சில் இறைத்தால் அடியில் உள்ள உப்பு மேலே ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரக் கிணறுகள் உப்பேறிக் கிடந்ததும், மழை பெய்து பெய்துதான் அவை மெல்லத் தெளிந்ததும் பலருக்கு நினைவிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, காலையில் பாதி மாலையில் பாதி என்று இறையுங்கள். நாக்கில் உவர்ப்பு தெரிந்தாலோ, பாத்தியின் மேல் வெள்ளைப் பூச்சு படிந்தாலோ, இலை நுனிகள் தீய்ந்தாலோ போஞ்சி, கரட் பக்கம் போகாதீர்கள், அவை உப்பைத் தாங்காதவை. முளைக்கீரை, பயற்றை, பீற்றூட் ஓரளவு தாங்கும். உவர்த் தண்ணீரை இலையில் படாமல் அடியில் மட்டும் ஊற்ற வேண்டும்.

ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடம் காய்களுக்கு வேண்டும். தென்னை, மா நிழலில் கத்தரி உயரமாகத்தான் வளரும், காய்க்காது. நிழலை மஞ்சள், இஞ்சி, வல்லாரை, றம்பை என்பவற்றுக்கு விட்டுவிடுங்கள்.

ஆவணி: மண்ணைத் தயாராக்குங்கள்

முழுத் தோட்டத்திலும் அதிகம் உழைக்க வேண்டிய மாதம் இது. மழைக்கு முன் மண்ணுக்குள் என்ன போட்டீர்களோ அதுதான் தை மாதத்தில் காயாக வரும்.

மணல் வளவென்றால் பத்துச் சதுர அடிக்கு ஒரு பெரிய வாளி என்ற அளவிலாவது மக்கிய எரு சேர்க்க வேண்டும். மாட்டெரு, ஆட்டெரு, கூட்டுப்பசளை எது கிடைத்தாலும் சரி. பச்சைச் சாணத்தை நேரே போடக்கூடாது, வேர் கருகும், களை விதையும் சேர்ந்து வரும். மணலில் எரு சீக்கிரம் கரைந்து போவதால் ஒரே தடவையில் நிறையப் போடுவதைவிட ஒவ்வொரு பயிருக்கும் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதே பலன் தரும். ஈரத்தைப் பிடித்துவைக்கத் தும்புச்சோறு நல்லது, ஆனால் முதலில் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து அரிசி ஆலைகளில் உமி தாராளமாகக் கிடைக்கும். அதைக் கருக்கி, சாம்பலாகாமல் கரியாக இருக்கும்போதே தண்ணீர் தெளித்து அணைத்து மண்ணில் கலந்தால் மணலுக்கு அதைவிட நல்ல சேர்மானம் இல்லை. முழுதும் சாம்பலானதை ஒரு பிடிக்கு மேல் போட வேண்டாம், மண்ணின் காரத்தன்மை கூடிவிடும்.

களிமண் வளவுக்கும் இதே எரு, இதே உமிக்கரி. வேலை மட்டும் வேறு. ஈரமாக இருக்கும்போது கொத்தாதீர்கள், கட்டியாகிச் செங்கல் போல இறுகும்.

மணலில் பலருக்குத் தெரியாத ஒரு எதிரி உண்டு: வேர்முடிச்சுப் புழு. கண்ணுக்குத் தெரியாது. கத்தரி, தக்காளி, வெண்டி நடுப்பகலில் வாடி மாலையில் தெளியும். பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முண்டு முண்டாக இருக்கும். ஆவணி வெயில் இதற்கு மருந்து. பாத்தியைக் கொத்தி, நன்றாக நனைத்து, தெளிவான பொலித்தீனால் இழுத்து மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து நான்கு கிழமை விடுங்கள். உள்ளே ஏறும் சூட்டில் புழுவும் களை விதையும் பெருமளவு குறையும். நம் ஊரில் இறால் கோது சும்மா கிடைக்கிறது. அதைக் காயவைத்து இடித்து மண்ணில் கலந்தால், கோதில் உள்ள கைற்றினைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் இந்தப் புழுவின் முட்டைகளையும் அழிக்கின்றன. பாத்தி ஓரத்தில் துலுக்கச்செவ்வந்தி நடுவதும் உதவும்.

கூட்டுப்பசளைக் குவியலை இப்போதே தொடங்கினால் மாரி நடுவில் கைக்கு வரும். நான்கடிக்கு நான்கடி இடத்தில் காய்ந்த சருகு ஒரு அடுக்கு, பச்சைத்தழை ஒரு அடுக்கு, மேலே சாணக் கரைசல் என்று நெஞ்சளவு உயரம் வரை ஏற்றுங்கள். கிளிசரியா இலை இருந்தால் பச்சைத்தழைக்கு அதுவே போதும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டினால் இரண்டரை, மூன்று மாதத்தில் மண்வாசம் வரும். மழை தொடங்கியதும் கிடுகாலோ பொலித்தீனாலோ மூடாவிட்டால் சத்து முழுக்கக் கழுவிப் போய்விடும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி நின்றபோது சொந்தக் குவியல் வைத்திருந்த வளவுகளுக்கு அந்த வருடமும் காய் இருந்தது.

புரட்டாதி: நாற்று

கத்தரி, கொச்சிக்காய், கறிமிளகாய், தக்காளி நான்குக்கும் நாற்று போட வேண்டும். வெண்டி, பயற்றை, பூசணி, பாகல், புடோல், பீர்க்கு எல்லாம் நேரே விதைப்பவை.

நாற்றுமேடை மூன்றடி அகலம், அரையடி உயரம். மேடையின் மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரிப்பது நம் விவசாயிகளிடம் பழைய பழக்கம். கன்று அழுகலை உண்டாக்கும் பூஞ்சணம் அதில் சாகிறது. ஆறவைத்து, சாம்பலை வழித்துவிட்டு, நான்கு அங்குல இடைவெளியில் கோடு கீறி விதையுங்கள். சின்னக் குடும்பத்துக்கு மேடையே தேவையில்லை. தயிர்ச் சட்டிகள் எத்தனை வீட்டில் சும்மா கிடக்கின்றன! அடியில் மூன்று துளை இட்டு, மண், மக்கிய எரு, உமிக்கரி மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பினால் ஒரு சட்டியில் முப்பது நாற்று எடுக்கலாம். இரண்டிலை விட்டதும் ஒவ்வொன்றாகச் சின்னப் பைக்கு மாற்றிவிடுங்கள்.

விதை வகையில் கொஞ்சம் கவனம் தேவை. கத்தரியில் திருநெல்வேலி ஊதா நம் வெயிலுக்குப் பழகிய வகை. கொச்சிக்காய்க்கு எம்.ஐ. 2, கே.ஏ. 2. வெண்டிக்கு எம்.ஐ. 5, ஹரித. தக்காளிக்குத் திலின. பயற்றைக்குச் செனா, ஹவாரி. எல்லாம் விவசாயத் திணைக்களம் வெளியிட்ட வகைகள்தான், இவற்றில் இருந்து அடுத்த வருட விதையையும் நீங்களே எடுக்கலாம். கலப்பின விதைப் பைக்கற்றில் விளைச்சல் கூட இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் கடைக்குப் போக வேண்டும். வீட்டுக்கு நான் சொல்வது முன்னையதைத்தான்.

தக்காளி மூன்று கிழமையில் நடத் தயாராகும், கத்தரியும் கொச்சிக்காயும் நான்கு கிழமைக்குக் கிட்ட. நடுவதற்கு ஒரு கிழமை முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து, நிழலை எடுத்து, கன்றை வெயிலுக்குப் பழக்குங்கள்.

ஐப்பசி: நடவு

முதல் இடி மழைகள் இரண்டு மூன்று இறங்கி மண் உள்ளே வரை நனைந்த பிறகுதான் நட வேண்டும். ஒரு மழையைப் பார்த்து ஏமாறக் கூடாது.

இப்போது பாத்தி உயரமாக இருக்க வேண்டும். மணலில் அரையடி போதும், களியில் ஒரு அடி. இரண்டு பாத்திக்கு இடையே ஓடும் வாய்க்கால் வளவின் தாழ்ந்த பக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும், நடுவில் எங்கேயும் தேங்கக் கூடாது. பாத்தி ஓரத்தில் பொச்சுமட்டையைக் கவிழ்த்து அடுக்கினால் மழையில் மண் கரையாது.

கத்தரிக்கு வரிசைக்கு வரிசை மூன்றடி, கன்றுக்குக் கன்று இரண்டடி. கொச்சிக்காய்க்கு இரண்டடிக்கு ஒன்றரை அடி. வெண்டி விதையை ஓர் இரவு ஊறவைத்து, மூன்றடிக்கு இரண்டடியில் குழிக்கு இரண்டு போடுங்கள். மாலையில் நடுங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்குப் பத்துக் கத்தரி, பத்துக் கொச்சி, இருபது வெண்டி, ஒரு பயற்றைப் பந்தல் போதும். முதல் வருடத்தில் இதற்கு மேல் வைத்தால் பராமரிக்க முடியாமல் எல்லாமே பாதியாகிவிடும்.

மரவள்ளியும் வற்றாளையும் இந்த மழையோடு நட வேண்டியவை. வற்றாளை நான்கு மாதம், மரவள்ளி எட்டு, பத்து மாதம் எடுக்கும். சோளனும் இப்போதுதான். 2018 கடைசியில் அம்பாறைப் பக்கத்துச் சோளன் காணிகளைச் சேனா படைப்புழு எப்படித் தின்றது என்று கண்டவர்கள் இருக்கிறீர்கள். வீட்டில் இருபது முப்பது செடி என்பதால் தினமும் காலையில் குருத்தைப் பிரித்துப் பார்த்துக் கையால் எடுத்துவிடலாம்.

கார்த்திகை, மார்கழி: காப்பாற்றும் காலம்

மார்கழிக் கடைசி வரை புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். இருப்பதைப் பிழைக்க வைத்தால் போதும். 1978 நவம்பர் சூறாவளியையும் 2011 ஜனவரி வெள்ளத்தையும் அனுபவித்த மாவட்டங்கள் நம்முடையவை. ஒரு கிழமை மழை விடாது பெய்வது இங்கே சாதாரணம்.

மழை விட்ட உடனே வாய்க்காலைத் திறந்துவிடுங்கள். கத்தரியும் தக்காளியும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றால், மழை நின்று வெயில் அடிக்கும்போது பச்சையாகவே தலை சாய்க்கும். பக்டீரியா வாடல் வந்த கன்றுக்கு மருந்தில்லை. மண்ணோடு பிடுங்கி வெளியே எரித்துவிட்டு, அந்த இடத்தில் கத்தரி, தக்காளி, கொச்சி என்ற அந்தக் குடும்பப் பயிர்களை மூன்று போகத்துக்காவது வைக்கக் கூடாது. தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் தொங்கவிடுங்கள், பால் போல இழை இறங்கினால் அதுதான். ஒவ்வொரு வருடமும் இந்தத் தொல்லை வருகிறதென்றால் சுண்டங்காய்க் கன்றில் கத்தரியை ஒட்டி நடலாம். சுண்டங்காய் வேர் இந்த நோயைத் தாங்கும்.

கொச்சிக்கும் கத்தரிக்கும் கம்பு ஊன்றிக் கட்டுங்கள். கீழ் இலைகள் மண்ணில் படாமல் வெட்டிவிட்டால் மழைத்துளி தெறித்து ஏறும் பூஞ்சண நோய்கள் குறையும். கன மழைக் காலத்தில் பசளை போடுவது காசைத் தண்ணீரில் விடுவது. மழை ஓயும் இடைவெளிகளில் கன்றைச் சுற்றி ஒரு பிடி கூட்டுப்பசளை போதும்.

நத்தை இந்தக் காலத்துச் சனியன். பெரிய ஆபிரிக்க நத்தை ஒரே இரவில் ஒரு நாற்றுமேடையை வெறுமையாக்கும். மாலையில் பப்பாசி இலையையும் ஈரச் சாக்கையும் பாத்தி ஓரத்தில் போட்டுவையுங்கள். இருட்டியபின் போய் அடியில் இருப்பவற்றைப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடலாம். வெறுங்கையால் தொடாமல் பொலித்தீன் பை மாட்டிக்கொள்ளுங்கள், அவை கொண்டுவரும் ஒட்டுண்ணி மனிதருக்கும் ஆகாது.

இன்னொன்று, இதை அலட்சியமாக விடாதீர்கள்: வெறும் தயிர்ச் சட்டி, வாளி, பூச்சாடித் தட்டு எதிலும் தண்ணீர் நிற்கக் கூடாது. மாரி முடியும்போது நம் மாவட்டங்களில் டெங்கு ஏறுகிறது. தோட்டம் வைத்த வீடு நுளம்பு வளர்த்த வீடாக ஆகக் கூடாது.

தை, மாசி: நல்ல காலம்

மழை குறைந்து, வாடைக்காற்றும் பனியும் இருக்கும் இந்த இரண்டு மாதமும்தான் நம் தோட்டத்தின் பொற்காலம். மண்ணில் ஈரம் இருக்கிறது, வெயில் இதமானது, காய்கள் தொடர்ந்து வரும். வெண்டியை ஒன்றுவிட்ட ஒரு நாள் பறியுங்கள். முற்றவிட்டால் செடி காய்ப்பதை நிறுத்தும். கத்தரிக்கும் அப்படியே.

மல்லித்தழை, வெந்தயக்கீரை, புதினா, கோவா, முள்ளங்கி ஆகியவற்றுக்கு நம் சூட்டில் கிடைக்கும் ஒரே வாய்ப்பு மார்கழிக் கடைசியில் இருந்து மாசி நடு வரைதான். மல்லி விதையை உள்ளங்கையால் உரசி இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்துத் தூவினால் பத்து நாளில் முளைக்கும். மாசிக்குப் பின் போட்டது தழைக்கும் முன்பே பூத்துவிடும்.

பனிக்காலத்தில் பூசணி, பாகல் இலைகளில் மா தூவியது போல வெள்ளை படரும். அடி இலைகளை நீக்கி, காற்று புக விட்டால் பெரும்பாலும் அடங்கும்.

கத்தரிக்குத் தண்டு, காய் துளைப்பான் வருவதும் இப்போதுதான். குருத்து ஒன்று மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி எரியுங்கள். துளை விழுந்த காயைப் பாத்தியில் போடாதீர்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை இதைச் செய்யும் வீட்டில் மருந்து தேவைப்படாது என்பது என் உறுதியான எண்ணம். இலை தின்னும் புழுவுக்கு, ஐம்பது கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் பலன் போய்விடும். என்ன நோய் என்று விளங்காவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், அல்லது ஓர் இலையைப் பையில் போட்டு உங்கள் பகுதி கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

பங்குனி, சித்திரை: கொடிகளின் முறை

இந்த இடைப்பருவத்தில் மாலை இடியோடு சில மழைகள் விழும். அதை நம்பிக் கொடிகளைப் போடலாம். பாகல், புடோல், பீர்க்கு, பயற்றை பந்தலுக்கு. பூசணி, நீத்துப்பூசணி, வெள்ளரி, வத்தகை தரையில். மணல் வளவுக்காரருக்கு வெள்ளரியும் வத்தகையும் கை கொடுக்கும் பயிர்கள்.

இனி மேட்டுப்பாத்தி வேண்டாம். மண்ணைத் தாழ்த்தும் காலம் வந்துவிட்டது. கொடிக்கு ஒன்றரையடி ஆழம், ஒன்றரையடி அகலத்தில் கிடங்கு வெட்டுங்கள். அடியில் பொச்சுமட்டையை உள்பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்காக வையுங்கள், அது தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். அதன் மேல் மீன் கழிவும் தழையும் போட்டு, மண்ணும் எருவும் கலந்து, தரை மட்டத்துக்கு மூன்று அங்குலம் கீழ் வரை நிரப்புங்கள். மீன் கழிவு ஒரு அடி ஆழத்துக்குக் கீழே இருக்கட்டும், இல்லையென்றால் இரவில் நாய் தோண்டிவிடும். இரண்டு கிழமை கழித்து விதையுங்கள். கிடங்குக்கு நான்கு விதை போட்டு, பின் நல்ல இரண்டை மட்டும் விடுங்கள்.

பாகலும் புடோலும் விரலளவு பிஞ்சாக இருக்கும்போதே கடதாசியால் சுற்றிவிட வேண்டும். பழ ஈ முட்டையிடுவது அந்தப் பருவத்தில்தான், பெரிதான பின் மூடிப் பயனில்லை. புழு விழுந்த காயை எறியாமல் இரண்டடி ஆழத்தில் புதையுங்கள், அல்லது கறுப்புப் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். பக்கத்து வளவுக்காரரும் செய்தால்தான் பலன் முழுமையாகும், ஈ வேலி பார்ப்பதில்லை. பூசணியில் பூ வந்தும் பிஞ்சு நிற்காமல் உதிர்ந்தால் காலை எட்டு மணிக்கு முன் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் நடுவில் தடவிவிடுங்கள்.

மஞ்சள், இஞ்சி கிழங்கை சித்திரை மழையோடு தென்னை நிழலில் நட்டால், கோடையில் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றி, மாரியில் தழைத்து, தையில் இலை பழுத்ததும் கிண்டலாம். 2019 கடைசியில் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு விலை ஏறியபோது வளவில் இரண்டு பாத்தி வைத்தவர்கள் கடைக்குப் போகவில்லை. மாரியில் அந்தப் பாத்தியில் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், கிழங்கு அழுகும்.

வைகாசி, ஆனி, ஆடி: கச்சான் காற்று

கண்ணகை அம்மன் குளிர்த்தி வரும் வைகாசிக்குள் கொடிகள் காய்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பின் கச்சான் வலுக்கும். வெயிலைவிட இந்தக் காற்றுத்தான் இலையை உலர்த்துகிறது, ஆகவே முதல் வேலை காற்றை மறிப்பது. வளவின் மேற்கு, தென்மேற்குப் பக்கத்தில் அகத்தி, கிளிசரியா, ஆடாதோடை நெருக்கமாக நின்றால் பாதிப் பிரச்சினை தீரும். இல்லையென்றால் கிடுகு வேலி போதும்.

இரண்டாவது, மூடாக்கு. வைக்கோல், தென்னோலை, சருகு, வாவியில் இருந்து இழுத்துப் போடும் ஆற்றுவாழை எதுவானாலும் நான்கு அங்குலக் கனத்தில் போட்டு, தண்டை ஒட்டாமல் விடுங்கள். ஆற்றுவாழையைக் கரையில் முழுக்கக் காயவைத்த பிறகே கொண்டுவாருங்கள், பச்சையாக வாய்க்காலில் விழுந்தால் அங்கே பரவும்.

மூன்றாவது, தண்ணீர் ஊற்றும் முறை. மணலில் ஒரே தடவை இரண்டு வாளி ஊற்றுவதைவிட காலை ஒரு செம்பு, மாலை ஒரு செம்பு என்று வேரடியில் விடுவது நல்லது. களியில் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆழமாக. பூச்சு இல்லாத மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, நிறைத்து, மூடிவைத்தால் அது கசிந்து கசிந்து சுற்றியுள்ள நான்கு கன்றுகளுக்கும் ஈரம் கொடுக்கும். அரிசி கழுவிய, மீன் கழுவிய தண்ணீர் வீணாகக் கூடாது. குளித்த தண்ணீரை வாழைக் கிடங்குக்கு விடுங்கள்.

காய்கறி ஆசையை இந்த மாதங்களில் குறைத்துக்கொள்ளுங்கள். பழைய கத்தரியை முழங்கால் உயரத்தில் வெட்டி எருப் போட்டால் மழையோடு மறுபடி தளிர்க்கும். பசளி, பொன்னாங்காணி, கங்குங், முளைக்கீரை கிணற்றடியில் கொஞ்ச நிழலில் ஓடும். கீரை விதைத்து இருபத்தைந்து முப்பது நாளில் சுண்டலுக்குப் பிடுங்கலாம். முருங்கை, அகத்தி, சண்டியிலை, கறிவேப்பிலை மரங்கள் எந்த வெயிலிலும் தரும். உண்மையில் ஒரு வீட்டுக்குக் கோடையில் மிகவும் உதவுவது இந்த மரங்கள்தான். தோட்டம் தொடங்குபவர் முதல் நாளிலேயே நட வேண்டியவையும் இவைதான்.

இலை சுருண்ட கொச்சிக் கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். கோடையில் இலைப்பேனும் சிற்றுண்ணியும் வெள்ளை ஈயும் சேர்ந்து வரும். தொடக்கத்தில் நுனியைக் கிள்ளி வேப்பம் கரைசல் அடித்துப் பார்க்கலாம். மஞ்சள் நரம்பு தெரியும் வெண்டியையும், முழுக்கச் சுருண்ட கொச்சியையும் பிடுங்கிவிடுவதுதான் மற்றவற்றுக்கு நல்லது.

மூலிகைக்கு ஒரு மூலை

மூலிகைக்குத் தனித் தோட்டம் தேவையில்லை, இடம் பார்த்து வைத்தால் போதும். வல்லாரைக்கும் றம்பைக்கும் கிணற்றடி. முசுட்டை, குறிஞ்சா, முடக்கொத்தான், தூதுவளை வேலியில் ஏறிக்கொள்ளும். கற்பூரவள்ளி சட்டியில், மாரி மழை நேரே விழாத தாழ்வாரத்தில். அதிகத் தண்ணீரில் அழுகும். துளசிப் பூவைக் கிள்ளிக்கொண்டே வந்தால் இலை விடும். கறிவேப்பிலையைக் குட்டையாக வெட்டிவிட்டால் பக்கக் கிளை வரும், வருடத்துக்கு இரண்டு தடவை புளித்த மோர் கரைத்து ஊற்றுபவர்களும் உண்டு.

மாடு, குரங்கு, யானை

கட்டாக்காலி மாட்டுக்கு வேலிதான் பதில், வேறில்லை. குரங்கு வரும் ஊரில் கத்தரி, பயற்றையைவிடக் கொச்சி, பாகல், மஞ்சள், இஞ்சி நிற்கும். படுவான்கரை எல்லையிலும் அம்பாறையின் காட்டோரக் கிராமங்களிலும் யானை வரும் வழியில் வீடு இருந்தால், வாழையையும் மரவள்ளியையும் வீட்டுச் சுவரோடு வைக்காதீர்கள். அறுவடை செய்த நெல்லோடு சேர்ந்து அதுவும் யானையை வாசலுக்கு அழைக்கும். அங்கே தேசி, தோடை, கொச்சி பாதுகாப்பானவை. உயிரோடு விளையாடக் கூடாத விடயம் இது.

விதை எடுத்தல்

மாசியிலும் சித்திரையிலும் நன்றாகக் காய்த்த, நோயில்லாத செடியை முதலிலேயே தெரிவு செய்து துணி கட்டி அடையாளம் வையுங்கள். கடைசியில் மிஞ்சிய சூம்பல் காயில் விதை எடுப்பதால்தான் பலருடைய விதை வருடா வருடம் இளைத்துப்போகிறது. கத்தரி மஞ்சளாகும் வரை செடியில் இருக்கட்டும். வெண்டி செடியிலேயும் பயற்றை கொடியிலேயும் காய வேண்டும். தக்காளிச் சாற்றோடு விதையை ஒரு நாள், இரண்டு நாள் புளிக்கவிட்டுக் கழுவினால் வழுவழுப்பு போகும். நிழலில் காயவைத்து, அடியில் வறுத்து ஆறிய அரிசி ஒரு கைப்பிடி போட்ட போத்தலில் இறுக மூடுங்கள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாரியில் திறந்த டப்பாவில் வைத்த விதை பூஞ்சணம் பிடிக்கும். விதைக்கும் முன் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். ஏழுக்குக் குறைவாக முளைத்தால் அந்தப் போத்தலில் இருந்து இரண்டு மடங்கு விதையுங்கள், நான்குக்குக் குறைந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குங்கள்.